நிலத்தடி ஜெர்மானியம் டிடெக்டர்: 20 செ.மீ. ஈயம் அடுக்கிய பிறகும் பின்னணி ஏன் நிற்கிறது?

#1 பாறைப்பூ

இருண்ட பொருள் தேடலோ, நியூட்ரினோ இல்லா இரட்டை பீட்டா சிதைவு என்ற மிக அரிய அணுக்கருச் சிதைவோ, எந்தச் சோதனையானாலும் உள்ளே போகும் ஒவ்வொரு திருகையும் கேபிளையும் முதலில் கதிரியக்கம் எவ்வளவு என்று ஒரு ஜெர்மானியம் காமா டிடெக்டரில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்கிறார்கள். மாதிரி இல்லாமலே அந்த டிடெக்டர் பதியும் எண்ணிக்கையை, அதாவது அதன் சொந்தப் பின்னணியை, எப்படி இறக்குவது என்று பேசத்தான் இந்த இழை.

ஆழம் தரும் பலன் தெரிந்ததுதான். தரைமட்டத்தில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் (காஸ்மிக் கதிரால் பிறக்கும் ஊடுருவும் துகள்) விழுகிறது. இத்தாலியின் கிரான் சாசோவில், 1400 மீ. பாறைக்கு அடியில், ஒரு சதுர மீட்டருக்கே மணிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவின் ஸ்னோலேபில் 2 கி.மீ. ஆழத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.27. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீ. ஆழத்தில் உள்ள ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 7.

மியூவான் குறைந்த பிறகு மிஞ்சுவது பாறை, காற்று, கவசம், டிடெக்டரின் உடல் ஆகியவைதான். ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. ஈயம் சுற்றிலும் இருக்கிறது. ஆனாலும் 609 கேஇவி (பிஸ்மத்-214), 1461 கேஇவி (பொட்டாசியம்-40), 2614 கேஇவி (தாலியம்-208) மூன்று பீக்குகளும் ஸ்பெக்ட்ரத்தில், அதாவது காமா ஆற்றல்வாரியான எண்ணிக்கை வரைபடத்தில், நிற்கின்றன (கேஇவி என்றால் ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்). எங்கிருந்து தொடங்குவீர்கள்?

#2 தாலியம்2614

எந்த பீக் எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பதிலிருந்து. அதற்கு முன்னால் ஒரு செங்கல்கூட வாங்க வேண்டாம்.

2614 கேஇவி காமா பத்தில் ஒரு பங்காகக் குறைய ஈயம் 4.7 செ.மீ. வேண்டும். 1461-க்கு 3.9 செ.மீ. 609-க்கு 1.6 செ.மீ. போதும். அப்படியானால் இடுக்கில்லாத 20 செ.மீ. ஈயத்தில் 2614 சுமார் பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. 609 லட்சம் கோடியில் ஒன்றாகிறது. ஆகவே கண்ணில் படும் 609 பாறையிலிருந்து ஈயத்தைத் துளைத்து வந்திருக்கவே முடியாது. அறைக்குள் ரேடான் வாயு இருக்கிறது, அல்லது உள்பாகம் ஏதோ ஒன்றில் ரேடியம் இருக்கிறது (ரேடியம் சிதைந்து ரேடானும், அதன் வழியே பிஸ்மத்-214-உம் பிறக்கும்), அல்லது கவசத்தில் நேர்கோட்டு இடுக்கு இருக்கிறது. இன்னும் 5 செ.மீ. ஈயம் சேர்த்தால் 609 இம்மியும் அசையாது. பணத்தை இங்கேதான் பலர் தவறான இடத்தில் போடுகிறார்கள்.

மூன்றையும் பிரிக்க: பிஸ்மத்-214 நூறு சிதைவுக்கு 609-ஐ ஏறக்குறைய 45 முறையும் 1764-ஐ 15 முறையும் உமிழ்கிறது. டிடெக்டரின் திறன் வளைவைச் (எந்த ஆற்றல் காமாவில் எத்தனை பங்கு பதிவாகும் என்பது) சேர்த்து இந்த விகிதத்தைக் கணக்கிட்டு வையுங்கள். அளந்த விகிதம் அதோடு ஒத்துப்போனால் மூலம் டிடெக்டரின் பார்வையிலேயே, தடுப்பில்லாமல் இருக்கிறது. 1764 எதிர்பார்த்ததைவிட ஓங்கி நின்றால் நடுவே கனமான ஏதோ ஒன்று இருக்கிறது. தாலியம்-208-க்கு இதே சோதனையை 583, 2614 ஜோடியில் செய்யலாம்.

அடுத்து 609-இன் எண்ணிக்கையை நாள்வாரியாக வரைந்து, ஆய்வக ரேடான் மீட்டரின் வரைபடத்தோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் காற்றுக் கசிவு. ரேடான் ஆடியும் 609 நேர்கோடாக இருந்தால் ரேடியம் ஏதோ ஒரு பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

#3 ஆழ்துளை

தாலியம் சொன்னதோடு முழு உடன்பாடு. கவசத்தின் அளவுகளைச் சொல்கிறேன், திட்டமிடுகிறவர்களுக்கு உதவும்.

உள்ளறை 30 செ.மீ. கனசதுரம், அதைச் சுற்றி 5 செ.மீ. செம்பு, அதைச் சுற்றி 20 செ.மீ. ஈயம். செம்பு 330 கிலோ. ஈயம் 5.1 டன். 5×10×20 செ.மீ. செங்கல் ஒன்று 11.3 கிலோ, ஆக 448 செங்கல். மொத்தமும் 80×80 செ.மீ. தளத்தில் நிற்கிறது, சதுர மீட்டருக்கு எட்டு டன்னுக்கு மேல். சுரங்கத் தரையில் நேரடியாக வைத்தால் ஓராண்டில் ஒரு பக்கம் இறங்கி, மேல் மூடி சிக்கிக்கொள்ளும். கனமான இரும்புத் தட்டு ஒன்றைச் சிமெண்ட் கலவையில் மட்டம் பார்த்துப் பதித்த பிறகே முதல் வரிசை.

நேர்விளிம்புச் செங்கலாக இருந்தால் அடுத்த அடுக்கின் இணைப்பு முந்தைய அடுக்கின் நடுவே வர வேண்டும். நான்கு அடுக்கிலும் இதைக் கடைப்பிடித்தால் நேர்கோட்டு வழி எதுவும் இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வி-வடிவ விளிம்புச் செங்கல் கிடைத்தால் நல்லது. டிடெக்டரைக் குளிர்விக்கும் உலோகத் தண்டான குளிர்விரல் வெளியே வரும் துளைதான் எல்லாக் கவசத்திலும் ஓட்டை. அதை ஒரு முறையாவது வளைத்துக் கொண்டுவர வேண்டும். வளைக்க முடியாத கிரையோஸ்டாட் (டிடெக்டர் இருக்கும் குளிர் உறை) என்றால் துளைக்கு நேர் எதிரே வெளியில் தனி ஈயத் தடுப்பு வைக்க வேண்டும்.

#4 குறிஞ்சிமலர்

//சுற்றிலும் 5 செ.மீ. செம்பு//

ஈயமே கனமானது, நன்றாகத் தடுக்கிறது. பிறகு உள்ளே செம்பு எதற்கு? மாறாக, செம்பு அவ்வளவு தூய்மையானது என்றால் முழுக் கவசத்தையும் செம்பிலேயே செய்தால் என்ன?

#5 ஆழ்துளை

ஈயம் தானே கதிரியக்கம் உள்ளது. தாதுவிலிருந்து உருக்கும்போது யுரேனியமும் ரேடியமும் கசடோடு பிரிந்துபோகின்றன. ஈயம்-210 மட்டும் வேதியியலில் ஈயமேதான், எனவே பிரியாது. அதன் அரைவாழ்வு 22.3 ஆண்டு. இன்று சந்தையில் வாங்கும் ஈயத்தில் கிலோவுக்குப் பத்துகள் முதல் நூறுகள் வரை பெக்கரல் இருக்கும் (ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஒரு சிதைவு).

ஈயம்-210 தரும் 46.5 கேஇவி காமா ஈயத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தொல்லை அதன் சேய் பிஸ்மத்-210. அது 1.16 எம்இவி (ஓர் எம்இவி ஆயிரம் கேஇவி) வரை போகும் பீட்டாவை விடுகிறது. அந்த எலக்ட்ரான் ஈயத்தில் வேகம் குறையும்போது தடுப்புக் கதிர்வீச்சு எழும்பி, ஸ்பெக்ட்ரத்தின் அடிப்பகுதியில், சுமார் 500 கேஇவி வரை, அகன்ற மேடாக உட்காரும். அதோடு 72 முதல் 88 கேஇவி வரை ஈயத்தின் எக்ஸ் கதிர்கள் வேறு. இந்த இரண்டையும் 5 செ.மீ. செம்பு விழுங்குகிறது.

எல்லா ஈயமும் தூய்மையாக இருக்கத் தேவையில்லை. வெளியே 15 செ.மீ. சாதாரண ஈயம் போதும். உள்ளே 5 செ.மீ. மட்டும் கிலோவுக்கு 5 பெக்கரலுக்குக் குறைவானதாக, அளந்த சான்றோடு வாங்குங்கள். அதற்கும் கீழே போக வேண்டியவர்கள் பழைய ஈயத்தைத் தேடுகிறார்கள். கிரான் சாசோவில் இரட்டை பீட்டா சிதைவைத் தேடும் குவோரே சோதனைக்கு, சார்டீனியாக் கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயக் கட்டிகள் 2010-இல் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளில் ஈயம்-210 முழுவதும் தீர்ந்து, கிலோவுக்கு 4 மில்லிபெக்கரலுக்கும் கீழே என்று அளந்திருக்கிறார்கள். காமா அளவிக்கு அந்த அளவு அவசியமே இல்லை.

பழைய பேட்டரியை உருக்கிய ஈயம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் எந்த வயது ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் அளவு மாறும்.

#6 செம்பருத்தி

முழுச் செம்புக் கவசம் பற்றி. 2614-ஐப் பத்தில் ஒன்றாக்கச் செம்பு 6.6 செ.மீ. வேண்டும், ஆகவே தடிமன் கூடுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காஸ்மிக் கதிர். தரைமட்டத்தில் காஸ்மிக் நியூட்ரான்கள் செம்பு அணுக்கருவை உடைத்து கோபால்ட்-60, கோபால்ட்-58, மாங்கனீசு-54 எல்லாம் உண்டாக்குகின்றன. கோபால்ட்-60-இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, நிலத்தடிக்கு இறக்கிய பிறகு காத்திருந்து தீர்க்க முடியாது.

கடல்மட்டத்தில் பல்லாண்டு கிடந்த செம்பில் கோபால்ட்-60 கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிபெக்கரலில் நிலைக்கிறது. ஒரு மாதம் வெளியே கிடந்தால் அதில் ஒரு சதவீதம். ஓராண்டு கிடந்தால் 12 சதவீதம். மேலே சொன்ன 330 கிலோவுக்கு ஓராண்டுக் கணக்கு 80 மில்லிபெக்கரலாகிவிடும். மின்னாற்பகுப்பில் சுத்திகரித்த நாள்தான் இந்தக் கணக்கின் தொடக்கம். அதற்கு முன் சேர்ந்த கோபால்ட் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். எனவே கொள்முதல் ஒப்பந்தத்தில் அந்தத் தேதியையும், ஆலையிலிருந்து சுரங்க வாய் வரை எத்தனை நாள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். விமானத்தில் அனுப்பவே கூடாது. பறக்கும் உயரத்தில் நியூட்ரான் பாய்வு தரைமட்டத்தைப் போலச் சில நூறு மடங்கு. ஒரு நீண்ட பயணம் பல மாதத் தரைவாசத்துக்குச் சமம்.

ஜெர்மானியத்தில் இரட்டை பீட்டா சிதைவைத் தேடிய மஜோரானா குழு இதற்குத் தந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் சான்ஃபோர்டு ஆய்வகத்தில் 1480 மீ. ஆழத்திலேயே தொட்டி வைத்துச் செம்பை மின்முலாமாக வளர்த்தார்கள். ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தடிமன் வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். கிடைத்த செம்பில் யுரேனியம், தோரியம் இரண்டும் கிலோவுக்கு 0.1 மைக்ரோபெக்கரல் அளவிலோ அதற்கும் கீழேயோ. வேகமாக வளர்க்க மின்னோட்டத்தைக் கூட்டினால் மேற்பரப்பில் முடிச்சு முடிச்சாக எழும்பும். அந்த முடிச்சின் இடுக்கில் மின்பகுதிரவம் சிக்கி அசுத்தமும் உள்ளே போகும். அவசரம் காட்ட முடியாத வேலை.

#7 பாறைப்பூ

அருமை. இப்போது ரேடானுக்கு வருவோம். 609-க்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான் என்று நினைக்கிறேன்.

#8 வளிமண்டலம்

ஆம், பத்தில் ஒன்பது முறை அதுவே. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆய்வகக் காற்றில் ரேடான்-222 கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்றால், 27 லிட்டர் உள்ளறையில் 2.7 பெக்கரல். நாம் தேடுவது ஒரு கிலோ மாதிரியில் ஒரு மில்லிபெக்கரல். காற்று மட்டுமே மாதிரியைப் போல 2700 மடங்கு சத்தம் போடுகிறது. உப்புச் சுரங்கமான இங்கிலாந்தின் போல்பியில் ரேடான் கன மீட்டருக்கு 3 பெக்கரல் அளவுதான். கிரானைட் பாறைக்குள்ளோ யுரேனியச் சுரங்கத்திலோ அந்தச் சலுகை கிடையாது.

திரவ நைட்ரஜன் கொதித்து வரும் வாயுவை உள்ளறைக்குள் விடுவதுதான் வழி. நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 27 லிட்டர் அறை ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். காற்றும் நைட்ரஜனும் கலந்தே வெளியேறுவதால் ஒரு மாற்றத்துக்கு முழுவதும் போகாது, 2.7-இல் ஒரு பங்காகக் குறையும். பத்து மாற்றத்தில், அதாவது ஒரு மணி நேரத்துக்குள், இருபதாயிரத்தில் ஒன்று. அதற்குக் கீழே கசிவும் நைட்ரஜனில் உள்ள ரேடானும்தான் எல்லையை வகுக்கும்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது நாளுக்கு 10 லிட்டருக்கு மேல் திரவம் கேட்கும். டிடெக்டரைக் குளிர்விக்கும் தேவர் குடுவையில் தானாக ஆவியாவது நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயுவைத்தான் அது தரும். அறையைத் திறந்து மூடிய பிறகு தனிக் குடுவையிலிருந்து வேகமாகக் கழுவிவிட்டு, அதன்பின் ஒரு லிட்டர் ஓட்டத்தில் வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. சிலிக்கான் ரப்பர் குழாய் ரேடானைச் சல்லடையாக உள்ளே விடும்; துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்புக் குழாய் போடுங்கள். வெளியேறும் முனையை வெறுமனே திறந்து வைத்தால் அழுத்தம் மாறும்போது காற்று பின்வாங்கி நுழையும். நீண்ட மெல்லிய குழாயோ குமிழிக் குப்பியோ வேண்டும். குடுவையை அடிவரை காலியாக்கக் கூடாது. ரேடானின் கொதிநிலை நைட்ரஜனைவிட மிக அதிகம் என்பதால் அது திரவத்திலேயே தங்கி, கடைசி மிச்சத்தில் செறிந்து நிற்கும். குடுவை வறளும் நாளில் 609 எகிறுவதற்குக் காரணம் இதுதான். புதிதாக நிரப்பிய குடுவையைச் சில நாள் நிற்கவிட்டால் ரேடான் பாதி பாதியாக அழியும், அரைவாழ்வு 3.82 நாள்.

அறையை மூடியவுடன் எண்ணத் தொடங்க வேண்டாம். சுவரில் ஏற்கெனவே ஒட்டிய ஈயம்-214 (27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்) தீர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். முதல் நாள் தரவை ஒதுக்கிவிடுவது பாதுகாப்பான பழக்கம்.

மிக முக்கியம்: ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். காற்றோட்டம் குறைந்த நிலத்தடி அறையில் அது உயிரைப் பறிக்கும். ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவி 19.5 சதவீதத்தில் அலற வேண்டும். வெளியேறும் வாயு அறைக்குள் விடப்படாமல் காற்றோட்டக் குழாய்க்குப் போக வேண்டும்.

#9 செம்பருத்தி

வளிமண்டலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரேடான் காற்றில் இருந்துவிட்டுப் போய்விடும்; அதன் சேய்கள் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அவை பெரும்பாலும் நேர்மின்னேற்றத்தோடு பிறப்பதால் நிலைமின் ஏறிய பிளாஸ்டிக் அவற்றைக் காந்தமாக இழுக்கும். கடைசியில் 22 ஆண்டு ஈயம்-210 மேல்தோலில் குடியேறிவிடும். எனவே பாகங்களை நைலான் பைக்குள் இரட்டையாக அடைத்து வையுங்கள். சாதாரண பாலித்தீன் பை ரேடானைத் தடுக்காது.

செம்பைக் கழுவ, பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகத்தில் உருவான முறை பரவலாக உள்ளது. முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெய் நீக்கம். பிறகு 1 சதவீத கந்தக அமிலமும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த நீரில் சில நிமிடம், மேல்தோல் சில மைக்ரான் கரையும்வரை. உடனே அயனி நீக்கிய நீர். பிறகு 1 சதவீத சிட்ரிக் அமிலத்தில் முக்கி மேற்பரப்பை அமைதியாக்குதல். மீண்டும் நீர், பிறகு நைட்ரஜன் ஊதி உலர்த்தல். அமிலத்திலிருந்து நீருக்கு மாற்றுவதில் தாமதித்தால் செம்பு பழுப்பாகக் கறுக்கும். கரைசல் நன்றாக நீலமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். பவுடர் இல்லாத நைட்ரில் கையுறை கட்டாயம், ஏனென்றால் வியர்வையில் பொட்டாசியம் இருக்கிறது. உங்கள் 1461 பீக்குக்கு ஒரு விரல் ரேகையும் பங்கு தரும்.

இந்தக் கழுவலில் ஈயம்-210 நன்றாகப் போகும். பொலோனியம்-210 போகாது, கரைந்த பொலோனியம் அதே கரைசலிலிருந்து திரும்பவும் செம்பில் படிந்துகொள்ளும். அதை நீக்க மின்மெருகூட்டல் வேண்டும்.

#10 தாலியம்2614

//மின்மெருகூட்டல் வேண்டும்//

காமா அளவிக்கு வேண்டாம் என்பேன். பொலோனியம்-210 விடுவது 5.3 எம்இவி ஆல்ஃபா. கிரையோஸ்டாட்டின் மூடியே அதைத் தடுத்துவிடும். காமா லட்சம் சிதைவுக்கு ஒன்று. மேற்பரப்பு ஆல்ஃபா உண்மையில் வதைப்பது குவோரே போன்ற போலோமீட்டர்களையும் (மிகக் குளிர்ந்த படிகத்தின் வெப்ப உயர்வை அளப்பவை), டெஃப்லான் சூழ்ந்த செனான் டிடெக்டர்களையும்தான். டெஃப்லானில் உள்ள ஃப்ளூரின் ஆல்ஃபாவை வாங்கி நியூட்ரானை விடும், அந்த நியூட்ரான் இருண்ட பொருள் மோதலைப் போலவே தோன்றும். எந்தச் சோதனைக்கு எந்த அசுத்தம் முக்கியம் என்று பார்த்துச் செலவிட வேண்டும்.

#11 குறிஞ்சிமலர்

தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் இவ்வளவு சுத்தம் தேவைப்பட்டிருக்குமா?

#12 பாறைப்பூ

முதன்மை டிடெக்டருக்குத் தேவையில்லை. 50 ஆயிரம் டன் இரும்பு கலோரிமீட்டர் தேடுவது கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் மியூவான்களை, 2.6 எம்இவி காமா அதற்குக் கண்ணிலேயே படாது. அங்கே வேண்டியது மேலே பாறை மட்டும். கோலார் தங்கவயலில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டதும் இரண்டு கி.மீ.க்கு மேற்பட்ட ஆழத்தின் பலத்தில்தான். அதே குகையில் இரட்டை பீட்டா சிதைவு டிடெக்டர் வைத்தால் இந்த இழையின் ஒவ்வொரு வரியும் பொருந்தும்.

ஆழம் குறைவான இடத்தில் நியூட்ரான் கணக்கை யாராவது சொல்லுங்கள்.

#13 ஆழ்துளை

சுருக்கமாக. பாறையிலிருந்து வரும் நியூட்ரானுக்கு ஈயத்துக்கு வெளியே 10 செ.மீ. போரான் கலந்த பாலித்தீன். வெளியே என்பது முக்கியம்: ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கும்போது 2223 கேஇவி காமாவும், போரான் 478 கேஇவி காமாவும் விடும், அவற்றை ஈயம் பார்த்துக்கொள்ளும். மியூவான் ஈயத்துக்குள்ளேயே நியூட்ரான் உண்டாக்குவது தனிக் கதை. ஜாதுகுடா அளவு ஆழத்தில் கவசத்தின் மேலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் கடந்தால் ஒளிரும் தகடு) வைத்து, மியூவான் கடந்த சில பத்து மைக்ரோ விநாடிக்கு ஜெர்மானியத்தின் பதிவை வெட்டிவிடலாம். நியூட்ரான் இருக்கிறதா என்று தெரிய 139.7, 198.4 கேஇவி பீக்குகளையும், 596, 691 கேஇவியில் வலப்பக்கம் சரியும் ரம்ப வடிவ மேடுகளையும் பாருங்கள். இவை இல்லையென்றால் பாலித்தீனுக்குப் பணம் ஒதுக்க அவசரமில்லை.

#14 வளிமண்டலம்

2614 இன்னும் பேசப்படவில்லை. கவச இடுக்கு சரிபார்த்த பிறகும் நின்றால் உள்ளே தோரியம். முதலில் வெல்டிங்கைக் கேளுங்கள். டிக் வெல்டிங்கில் பயன்படும் டங்ஸ்டன் மின்முனை பல பட்டறைகளில் தோரியம் ஆக்சைடு 2 சதவீதம் கலந்தது. ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். சீரியம் அல்லது லாந்தனம் கலந்த மின்முனை என்று வரைபடத்திலேயே எழுத வேண்டும். அடுத்த சந்தேகம் பீங்கான் மின்காப்பு, மின்தடை, கண்ணாடி இணைப்பான். ஈயம் கலந்த சால்டர் டிடெக்டர் அருகே வரவே கூடாது.

பாகங்களைச் சோதிக்க நிறை நிறமாலைமானியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை பார்க்கலாம்: அந்த ஒரு பங்கு யுரேனியம்-238 என்றால் கிலோவுக்கு 12.4 மைக்ரோபெக்கரல், தோரியம்-232 என்றால் 4.1. ஆனால் அது சிதைவுத் தொடரின் தலையை, அதாவது யுரேனியத்தையும் தோரியத்தையும், மட்டும் பார்க்கும். தொழிற்சாலையில் வேதிமாற்றம் கண்ட பொருளில் ரேடியம் தனியே கூடியோ குறைந்தோ இருக்கலாம். 609-உம் 2614-உம் தொடரின் வால்பகுதி. அதற்குக் காமா அளவை வேண்டும். ஒரே பாகத்துக்கு இரண்டையும் செய்யாமல் ஏற்காதீர்கள்.

#15 குறிஞ்சிமலர்

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. நைட்ரஜன் ஓடும் அறையில் மாதிரியைத் திறந்தே வைக்கலாமா, அடைத்து வைக்க வேண்டுமா?

#16 தாலியம்2614

பொருளைப் பொறுத்தது. கட்டியான உலோகம் என்றால் திறந்தே வைக்கலாம், ரேடான் வெளியே வராது. பொடி, மணல், நுரை, துளையுள்ள பீங்கான் என்றால் ரேடான் மாதிரியிலிருந்து கிளம்பி நைட்ரஜனோடு போய்விடும். 609 குறைந்து, ரேடியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அப்படிப்பட்டதை விளிம்பு மடித்து மூடும் உலோக டப்பாவில் அடையுங்கள், பிளாஸ்டிக் டப்பா கசியும். அடைத்த பிறகு மூன்று வாரம் விட்டால் ரேடான் 98 சதவீதம் சமநிலைக்கு வந்திருக்கும். காத்திருக்க நேரமில்லை என்று 186 கேஇவி ரேடியம் பீக்கை நேரடியாகப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதே இடத்தில் யுரேனியம்-235-இன் 185.7 உட்கார்ந்திருக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது. காலி டப்பாவையும் தனியே ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.